பவளத்துக்கு ஒரு இடம்

உதுமான் பாய்கிட்ட என்னைப் பத்தி விசாரிச்சீங்கன்னா அவரு நல்லபடியாத்தான் சொல்வாரு அண்ணாச்சி. நாணயமான ஆளு, சொன்ன தேதிக்கு வாடகை வந்துரும்னு சொல்வாரு. அதுதாங்க எனக்குப் பிரச்சனை.

இல்லீங்க, நிக்கறேன். சரி, இந்தச் சாக்கு மேலயே உக்காந்துக்கறேன். எலுமிச்சை நசுங்கிராதுங்களே?

நீங்க கேட்டது நியாயமான கேள்வி. கடையநல்லூர்ல உதுமான் பாய் லாயத்தை விட நல்ல எடம் இந்தச் சுத்துவட்டாரத்துல கெடையாதே, அங்கிருந்து எதுக்குக் குதிரைய எடுக்கறீங்கன்னு கேட்டீங்க. எடம் பத்தலைங்கன்னு ஒரு பதில் வெச்சிருந்தனுங்க. பஸ்ஸுல வர்றப்பவே யோசிச்சு வெச்சது. உங்க மூஞ்சியப் பாத்ததும் அது வாய்ல வரமாட்டேங்குது. உங்களுக்குத்தான் அவரை நல்லாத் தெரியுமே. புளியங்குடியில எறங்கி எப்படி வரணும்னு இந்தத் தோட்டத்துக்கு அடையாளம் சொல்லி அனுப்புனதே அவருதானுங்க.

என்ற பேரு ஈஸ்வரமூர்த்தி. சொந்த ஊரு தாராபுரம் பக்கம். இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாயை வெச்சுப் பொழைக்கறவன். சாவைப் பத்திச் சிரிச்ச மூஞ்சியோட பேசி, எதுத்தாப்புல இருக்கறவன் கையெழுத்துப் போட்டுட்டு எனக்கே காபி குடுக்கற மாதிரி பண்ணிருவேன். பெருமைக்குச் சொல்லலீங்க. அந்த வாய்தான் என்னை இங்க கொண்டாந்து விட்டிருக்கு, அதனால சொல்றேன்.

குதிரை என்ற சம்சாரத்தோடது. அவ பேரு கோகிலவாணி, பேங்க்ல ஆபீசரு. குதிரை பேரு பவளம். பொட்டைக்குதிரை. செம்பட்டை நெறம், நெத்தியில மட்டும் விரல்ல சுண்ணாம்பு தொட்டு வெச்ச மாதிரி ஒரு வெள்ளை. என்ற மாமனாரு உசுரோட இருந்த வரைக்கும் அவரு தோட்டத்துல நாலஞ்சு குதிரை நின்னுட்டிருந்துச்சு. பவளம் பொறந்த வாரமே அதோட தாய் செத்துப்போச்சு. கோகிலா அப்ப காலேஜுல படிச்சுட்டிருந்தா. லீவு போட்டுட்டு வந்து ஆட்டுப்பாலைப் புட்டியில ஊத்திக் குடுத்து வளத்துனா. குட்டியா இருக்கறப்ப ஒரு தடவை தீவாளி நோம்பிக்கு விட்ட ராக்கெட்டு வந்து வைக்கப்போருல விழுந்து கொட்டகையே எரிஞ்சிருக்கு. கவுத்த அறுத்து இவதான் வெளிய இழுத்துட்டு வந்திருக்கா. அதுலயிருந்து பவளத்துக்கு வெடிச்சத்தம் ஆகாது.

இது எனக்குத் தெரியாத விசயமில்லீங்க. எங்களுக்குத் தலைதீவாளி. மாமனார் ஊட்டுல ஒறம்பரையெல்லாம் வந்திருக்கு, எலை போட்டாச்சு. பொண்ணு எங்கடான்னா கொட்டகைக் கட்டுத்தாரையில பட்டுச்சேலையோட உக்காந்து குதிரை காதைப் பொத்திட்டு இருக்கா. நான் புது மாப்பிள்ளை, தனியா எலை முன்னாடி உக்காந்திருக்கேன். "குதிரைக்கும் சேத்து மோதரம் போட்டிருக்கலாம் மாப்ளே"ன்னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்கு வந்த எரிச்சல் அப்பறம் போயிருச்சுன்னுதான் நெனைச்சுட்டிருக்கேன். 

போன வருசம் மாமனாரு தவறிட்டாரு. அந்தச் சமயத்துலதான் இவளுக்குப் பிரமோசன் வந்துச்சு. கடையநல்லூர்ல மேனேஜரு. அவ அண்ணன் மத்த குதிரைகளை ஏற்கெனவே வித்துட்டாரு. "கொட்டகையப் பிரிச்சுட்டுக் கோழிப்பண்ணை போடறேன் அம்மணி. ஒண்ணு, உன்ற குதிரையக் கூட்டிட்டுப் போ, இல்லாட்டி ஆளு இருக்கு, குடுத்துரலாம்"னாரு. கோகிலா அழுகவெல்லாம் இல்லை. நேரா எங்கிட்ட வந்து, "எனக்குப் பிரமோசன் வேண்டாம்ங்க. இங்கயே இருந்துக்கறேன்"னா.

நாந்தான் சொன்னேன். "நீ போய் ஜாயின் பண்ணு. பவளத்துக்கு எடம் நான் பாக்கறேன். இதுகூட முடியாட்டி நான் என்ன ஏஜென்ட்டு"ன்னேன். 

அவ கேட்டது பெருசா ஒண்ணுமில்லீங்க. பசும்புல்லு கெடைக்கணும், தரை மண்ணா இருக்கணும், பக்கத்துல ஆளு படுக்கணும். அப்பறம் வெடி, கொட்டு, கூட்டம், இதெல்லாம் இல்லாத எடமா இருக்கணும். கடைசியா சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொன்னா.

நானும் அலைஞ்சேனுங்க. அதையும் சொல்லணுமில்ல. மாட்டுக் கோசாலை ஒண்ணுல போய்க் கேட்டேன். "பசுமாடு மட்டும்தான் சார் சேத்துக்குவோம். குதிரைன்னா தானமா எழுதிக் குடுத்துருங்க, பாத்துக்கறோம்"னாங்க. அரிசி மில்லுக்காரரு ஒருத்தரு காலி ஷெட்டுக் காட்டுனாரு. மேல ஆஸ்பெஸ்டாஸு, வெயில்ல குதிரை வெந்துரும். திருநெல்வேலிக்கு அந்தாண்ட குதிரை ஓட்டச் சொல்லிக்குடுக்கற எடம் ஒண்ணு இருக்குது. ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனி ரூமு, மேல ஃபேன் சுத்துது. அவங்க கேட்ட தொகைக்கு நானும் அவளும் ஓட்டல்லயே மாசம் பூராத் தங்கிக்கலாம். குத்தாலத்துப் பக்கம் ஒரு பண்ணையாரு, "சும்மாவே நிக்கட்டும், ஒத்தப் பைசா வேண்டாம். வருசத்துக்கு ஒரு குட்டி எனக்கு"ன்னாரு. நல்ல ஏற்பாடுன்னு நெனைச்சு கோகிலாகிட்டப் போன்ல சொன்னேன். "பவளம் என்ன வாடகைத் தாயா"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டா.

ஊருல ஊட்டுக்கடன் ஓடிட்டிருக்கு. இங்க வாடகை ஊடு. கட்டுபடியாகற எடம்தான பாக்க முடியும்? எங்க போனாலும், "குதிரையா?"ன்னு மேலயும் கீழயும் பாக்கறாங்க. யானையக் கட்ட எடம் கேட்டிருந்தாக்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

அப்பத்தான் ஒரு டீக்கடையில உதுமான் பாய் பேரைச் சொன்னாங்க. கல்யாணத்துக்குக் குதிரை விடறவரு, சாரட் வண்டி வெச்சிருக்காருன்னு. கல்யாணக் குதிரைன்னதும் எனக்குக் கொஞ்சம் யோசனைதான். போய்ப் பாத்தா, நீங்க பாத்திருப்பீங்களே அந்த லாயத்தை. ரெண்டு வெள்ளைக் குதிரை நிக்குது, ஒரு ஈ இல்லை. கொள்ளு ஊற வெச்சிருக்கறாரு, அதுல தூசு இல்லை. எங்கிட்டப் பேசிட்டே ஒரு குதிரை காலைத் தூக்கி லாடத்துல இருந்த கல்லை நோண்டி எடுத்தாரு. அது பாட்டுக்கு அவரு தோள்ல தலையச் சாய்ச்சுட்டு நிக்குது. 

அவரு ஒரு வாடகை சொன்னாரு. நியாயமான வாடகைதாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனா கடைக்காரன் ஒரு வெலை சொன்னா அதைக் கொறைக்காம எந்திரிச்சு வந்தா எனக்குச் சோறு எறங்காது. அது என்ற சுபாவம். பேச ஆரம்பிச்சேன். அவரு தலைய ஆட்டிட்டே இருந்தாரு. "கொள்ளு விக்கிற வெலைக்கு இதுக்குக் கீழ முடியாது சார்"னாரு.

நானும் விடலை. கடைசியில அவரே ஒரு வழி சொன்னாரு. "சீசன்ல ரெட்டைக் குதிரை சாரட்டுதான் எல்லாரும் கேக்காவ. என் குதிரை ஒண்ணுக்கு வயசாயிட்டு. உங்க குதிரைய அப்பப்ப ஒரு கல்யாணத்துக்கு விட்டுக் குடுத்தியள்னா பாதி வாடகை போதும். கொட்டுச் சத்தத்துக்கு நான் மெல்லப் பழக்கிருவேன். வெடி வைக்கிற வீடுன்னா நானே போக மாட்டேன்." 

பாதின்னு காதுல விழுந்ததும் எனக்கு வேற எதுவும் விழுகலைங்க.

அவரு அதோட விடலை. "குதிரை வீட்டம்மாவுக்குள்ளதுன்னியளே. அவங்ககிட்டக் கேட்டியளா?"ன்னாரு.

"கேட்டாச்சு பாய்"னேன்.

அப்பப் பக்கத்துல யாருமே இல்லைங்க. அந்த வயசான குதிரை மட்டும் தண்ணி குடிச்சிட்டிருந்துச்சு. அவ்வளவு லேசா வந்துச்சு அந்தப் பொய்யி. பொய்யின்னுகூடச் சொல்ல முடியாது, இன்னும் கேக்கலை, கேட்டுக்கலாம்னு ஒரு நெனப்புதான். அன்னைக்குக் கோகிலாவுக்குப் போன் பண்ணி, "கடையநல்லூருக்குள்ளயே எடம், தங்கமான மனுசன், பாதி வாடகைக்குப் பேசி முடிச்சுட்டேன்"னேன்.  "உங்களாலதாங்க இதெல்லாம் முடியும்"னா. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ அப்படிச் சொன்னதில்லை. அதைக் கேட்டுட்டு மறுபடியும் போய், ஆனா ஒரு விசயம்னு இழுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

லாரியில பவளம் வந்து எறங்குச்சு. முதல் ஒரு மாசம் எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு. தினம் காலையில பேங்குக்குப் போறதுக்கு முன்னாடி கோகிலா ஸ்கூட்டர்ல போய் பவளத்தைக் கூட்டிட்டுக் கொளத்துக்கரையில ஓட்டுவா. திரும்பி வர்றப்ப மேலெல்லாம் குதிரை வாசம். மூஞ்சி அப்படி ஒரு தெளிவா இருக்கும். புது ஊருங்கற மலைப்பே அவகிட்ட இல்லை. உதுமான் பாயும் அவளும் லாடத்தைப் பத்தியும் புல்லைப் பத்தியும் அரை மணி நேரம் பேசுவாங்க. தாயீ, தாயீன்னுதான் கூப்பிடுவாரு. 

பொறகு சீசன் வந்துச்சு. பவளத்தை முதல்ல ஒரு சின்னக் கல்யாணத்துக்குக் கொண்டு போனாரு. காதுக்குள்ள பஞ்சு வெச்சு, வெறும் நாயனம் மட்டும். அப்பறம் இன்னொண்ணு. ஒண்ணும் ஆகலை. பாத்தியா, எல்லாம் பழக்கம்தான், கோகிலாதான் பொத்திப் பொத்தி வளத்துக் கெடுத்து வெச்சிருக்கான்னுகூட நெனைச்சேன்.

ஒரு நாள் காலையில அவ வந்து உள்ளங்கையை விரிச்சுக் காட்டுனா. பவளத்தோட பிடரி மசுருல இருந்து எடுத்த ஜிகினா. "இது எப்படிங்க வந்துச்சு?"ன்னா. "பாய் ஊட்டுப் புள்ளைக சடை பின்னி வெளையாடுதுகளாட்ட இருக்குது"ன்னேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. சாயங்காலம் பேங்க்ல இருந்து வர்றப்ப அந்தப் புள்ளைகளுக்குன்னு ரிப்பன் வாங்கிட்டுப் போய்க் குடுத்திருக்கா.

மறுநாள் பாய் என்னைக் கூப்பிட்டாரு. ரிப்பன் கையில இருக்கு. "சார், தாயிக்கு விசயம் தெரியாதா?"ன்னாரு. 

"தெரியும் பாய். ஆனா அதைப் பத்திப் பேசுனா அவளுக்குச் சங்கடம். அவகிட்ட நீங்க எதுவும் பேசிக்க வேண்டாம்"னேன். 

அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. நம்புனாரா இல்லையான்னு எனக்குத் தெரியலை. ஆனா ஒரு புருசன் சொல்றப்ப அடுத்த ஊட்டு ஆம்பளை என்ன பண்ணுவாரு?

போன வாரம் நடந்ததைச் சொல்றேன். கோகிலா பேங்க்ல கேஷியரா இருக்கற சுடலைவடிவுங்கற பொண்ணோட தம்பிக்குக் கல்யாணம். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. நாங்க ரெண்டு பேரும் கெளம்பிப் போயி மண்டபத்து வாசல்ல நிக்கறோம். என்ற கையில பரிசுப் பொட்டி. தூரத்துல கொட்டுச் சத்தம் கேக்குது, சாரட் வண்டி திரும்பி வருது. அந்த வீட்டுக்குப் பாய் வண்டிதான் பேசியிருக்காங்கன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க.

ஒரு பக்கம் வெள்ளைக் குதிரை. இன்னொரு பக்கம் பவளம். நெத்தியில குஞ்சம், முதுகுல செவப்பு வெல்வெட்டு, கண்ணு ரெண்டும் மறைச்சிருக்கு. நான் மூஞ்சியத் திருப்பிட்டேன். அவ கண்டுபிடிக்க மாட்டான்னுதான் நெனைச்சேன். ஆனா அவ குதிரை மூஞ்சியப் பாக்கலீங்க, அதோட காலைப் பாத்திருக்கா. பவளம் வலது பின்னங்காலை லேசா எத்தி வெச்சு நடக்கும். 

"ஏங்க"ன்னு என்ற கையைப் பிடிச்சா. அவ்வளவுதான் சொன்னா.

அதே நேரத்துல மாப்பிள்ளையோட சிநேகிதப் பசங்க ரோட்டுக்கு நடுவுல சரவெடியை நீளமா விரிச்சுட்டானுக. வெடி இருக்கும்னு யாருக்குங்க தெரியும்? யாருமே எதிர்பார்க்கலை. பத்த வெச்சதும் பவளம் கனைச்ச கனைப்பு இருக்கே, மனுசன் கத்துன மாதிரியே இருந்துச்சு. முன்னங்காலைத் தூக்குது, வண்டி சாயுது, மாப்பிள்ளை குதிச்சு எறங்கறான், பொம்பளைகளெல்லாம் ஓடறாங்க. பாய் கடிவாளத்தை விடாம தொங்கறாரு. பவளம் ரோட்டுல முட்டி போட்டு விழுந்து, எந்திரிச்சு, மறுபடி விழுகுது. 

என்ற பக்கத்துல கோகிலா இல்லை. பாத்தா வெடிக்கு நடுவுல போயிட்டிருக்கா. பட்டுச்சேலை முந்தானைய எடுத்து பவளத்தோட தலையச் சுத்திப் போத்தி, நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டா. வெடி தீர்ற வரைக்கும் அப்படியே நின்னா. நல்ல வேளையா ஒருத்தருக்கும் அடி படலை. பவளத்துக்கு மட்டும் ரெண்டு முட்டியிலயும் தோலு போயி ரத்தம். ஒடம்பு பூரா நடுங்குது. 

சத்தம் அடங்குனதும் அவ பாய் பக்கம் திரும்பிக் கேட்டா. "யாரைக் கேட்டு வண்டியில பூட்டுனீங்க?"

மொத்தக் கூட்டமும் பாக்குது அண்ணாச்சி. பாய் என்னைப் பாத்தாரு. என்னை மட்டும்தான் பாத்தாரு. நான் கையில இருந்த பரிசுப் பொட்டியப் பாத்துட்டு நின்னேன். அதுல பேரு எழுதுன காகிதம் கொஞ்சம் பிரிஞ்சிருந்துச்சு. அதை ஒட்டிட்டிருந்தேன். 

 அப்பறம் பாய் சொன்னாரு. "தப்புதான் தாயீ. கேக்காமப் பூட்டிட்டேன். மன்னிச்சுருங்க."

இதோட நின்னிருந்தாக்கூட, பயத்துல வாய் தொறக்கலைன்னு சமாதானம் சொல்லிக்கலாம். நான் வாயைத் தொறந்தேங்க. "ஏன் பாய், உங்களை நம்பித்தான விட்டோம்? இப்படிப் பண்ணிட்டீங்களே"ன்னேன். நல்லாச் சத்தமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அவரு தலையக் குனிஞ்சுட்டு வார்ப்பட்டையக் கழட்டிட்டிருந்தாரு. நிமிந்துகூடப் பாக்கலை. கல்யாண ஊட்டுக்காரங்களும் அவரைத்தான் திட்டுனாங்க. திருட்டுத்தனமா ஊரான் குதிரையப் பூட்டிட்டு வந்தியா, எங்க மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா என்னய்யா பண்றதுன்னு வயசுக்கு மரியாதை இல்லாமப் பேசுனாங்க.

கோகிலா பவளத்தை அங்கயே அவுத்து, சேலை மண்ணுல இழுபட, ஊடு வரைக்கும் நடத்தியே கூட்டிட்டு வந்துட்டா. நான் பரிசுப் பொட்டியோட பின்னாடியே நடந்தேன். 

இப்பப் பவளம் கார் நிறுத்தற எடத்துல நிக்குது. ஊட்டுக்காரரு இந்த மாசத்துக்குள்ள எடுத்தாகணும்னுட்டாரு. பவளம் சரியாத் திங்கறதில்லை. குக்கர் விசிலடிச்சாக்கூடத் துள்ளுது. அதனால கோகிலா குக்கரை எடுத்துப் பரண்ல போட்டுட்டு, சோறு வடிச்சுத்தான் ஆக்கறா. லீவு போட்டுட்டு ஊட்டுலயேதான் இருக்கா.

அவ என்னைத் திட்டியிருந்தாப் பரவால்லீங்க. என்ற மேல அவளுக்குப் பாவமா இருக்கு. "நீங்க எவ்வளவு அலைஞ்சு புடிச்ச எடம். உங்களையும் சேத்து ஏமாத்திட்டாரே"ன்னு சொல்லிட்டு எனக்குச் சோறு போடறா. தட்டுல தயிரை ஊத்திட்டு, "போகட்டும், மனசுல வெச்சுக்காதீங்க"ன்னு சொல்றா. ஒரே ஒரு தடவை மட்டும், "பாய் ஏங்க உங்களைப் பாத்தாரு?"ன்னு கேட்டா. "பயத்துலதான்"னு சொன்னேன். அவ அதுக்கு மேல கேக்கலை. 

ரெண்டு நாள் கழிச்சு பாய் ஊட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேக்கலாம்னு போனதா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். போய் நின்னதும், "பவளத்தோட கொள்ளுப் பை இங்க இருக்குதுங்களா"ன்னுதான் வாயில வந்துச்சு. அவரு சம்சாரம் டீ கொண்டாந்து வெச்சுட்டு என்ற பக்கம் திரும்பாம உள்ள போயிட்டாங்க. பாய் பையை எடுத்து, தூசு தட்டி, மடிச்சுக் குடுத்தாரு. பேசி வெச்சிருந்த கல்யாணம் மூணு நாலு கைய விட்டுப் போயிருச்சுன்னு டீக்கடையில ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். ஊரான் குதிரையத் திருட்டுத்தனமா ஓட்டறவருன்னு பேராயிப் போச்சு. 

"ஏன் பாய் என்னைக் காட்டிக் குடுக்கலை?"ன்னு கேட்டேன். அதையாவது கேட்டேன்.

"புருசன் பொஞ்சாதிக்கு நடுவுல ஒரு குதிரை நிக்கிது, அது போதும் சார். நானும் எதுக்கு நிக்க?"ன்னாரு. பொறகு, "தாயி குதிரைய எங்க கட்டியிருக்காவ?"ன்னு கேட்டாரு. சிமெண்டுத் தரையிலன்னு சொன்னதும் அவரு மூஞ்சி சுண்டிப்போச்சு. "முட்டியில புண்ணோட சிமெண்டுல நிக்கப்பிடாது. புளியங்குடியில சங்கரபாண்டியன் அண்ணாச்சி தோட்டம் இருக்கு. முன்னாடி அவுகளும் குதிரை வச்சிருந்தாவ, கொட்டகை சும்மாத்தான் கெடக்கு. போய்க் கேளுங்க"ன்னாரு. 

அப்படித்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.

அவருக்கு ஏதாவது பண்ணணும்னு யோசிச்சுட்டுத்தாங்க இருக்கேன். அவரு பேருல ஒரு பாலிசி போட்டு முதல் தவணைய நானே கட்டிரலாம்னுகூட நெனைச்சேன். சிரிக்கறீங்க. வேற என்னங்க எனக்குத் தெரியும்?

நீங்க காட்டுன கொட்டகை நல்லா இருக்குதுங்க. மண்ணுத் தரை, நெழலு, கெணறு பக்கத்துலயே. வெடிச்சத்தம் வர்றதுக்கு ஊரும் கிட்டத்துல இல்லை. வாடகையும் எங்களுக்குக் கட்டுபடியாகும், ஒத்தை ரூவா கொறைக்கச் சொல்லமாட்டேன். ஞாயித்துக்கெழமை கோகிலாவைக் கூட்டிட்டு வந்து காட்டறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் அண்ணாச்சி. அவ வர்றப்ப, உதுமான் பாய்தான் அனுப்புனாருன்னு சொல்லிர வேண்டாம். அவரைத் தெரியாத மாதிரியே இருந்துக்குங்க. எதுக்கு வீணா மறுபடியும் அவரு பேச்சு வரணும்? அவ மனசு இப்பத்தான் கொஞ்சம் ஆறிட்டு இருக்குது.

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க?

குதிரை யாருதுன்னா... அவளோடதுதானுங்க. நாந்தான் முதல்லயே சொன்னனே. 

ஆமாங்க. நீங்க சொல்றது சரிதாங்க. குதிரைக்காரங்க வந்து கேக்காமக் கொட்டகை தர்றதில்லைன்னா அது உங்க முறை. ஆனா அவ வந்து கேட்டா நீங்க எல்லாத்தையும்...

சொல்லுவீங்க. ம். உங்களைப் பொய் சொல்லச் சொல்றது தப்புதான்.

நம்பருங்களா? இருக்குங்க. தொண்ணூத்தி நாலு... இல்லீங்க, இருங்க. நீங்க கூப்பிட வேண்டாம். நீங்க சொல்லி அவ கேட்டா இன்னும் மோசம். நானே கூப்பிடறேன். எந்திரிச்சுப் போகாதீங்க, இங்கயே நில்லுங்க. நீங்க போயிட்டா நான் மறுபடியும் வேற ஏதாவது பேசிருவேன்.

கோகிலா? ஆமா, நான்தான். புளியங்குடியில இருக்கேன். எடம் இருக்குது, நல்ல எடம். இல்ல, அதுக்குக் கூப்பிடலை. நீ உக்காந்திருக்கியா? பவளம் பக்கத்துலயா? சரி. கேளு. பாய் மேல தப்பில்லை. உன்னைக் கேட்டாச்சுன்னு நாந்தான் அவருகிட்டச் சொன்னேன். பாதி வாடகை அதுக்குத்தான். அந்த ஜிகினாகூட... ஆமா. அதுவும் பொய்தான். அவரு ஊட்டுப் புள்ளைக அதைத் தொடவே இல்லை. அன்னைக்கு அவரு என்னைப் பாத்தது பயத்துல இல்லை. நான் சொல்வேன்னு பாத்தாரு. 

கோகிலா? இருக்கியா?

அண்ணாச்சி, ஒரு நிமிசம்.   

ம், சொல்லு. என்ன? 

வெடி இருக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியுமான்னு கேக்கறா அண்ணாச்சி.

...

தெரியும் கோகிலா. அன்னைக்குக் காலையில பாய் போன் பண்ணாரு. அந்த வீட்டுல வெடி வைப்பாங்கபோல இருக்கு, நான் வேண்டாம்னு சொல்லிரட்டுமான்னு கேட்டாரு. எந்த வீடுன்னு நான் கேக்கலை. ஒரு கல்யாணம் போச்சுன்னா வாடகைய ஏத்திக் கேப்பாரோன்னு நெனைச்சேன். போங்க பாய், ஒண்ணும் ஆகாது, கோகிலாவே சரின்னுட்டான்னு சொன்னேன். 

உங்ககிட்டயும் இதைச் சொல்லலைங்க. தெரியும். என்னை அப்படிப் பாக்காதீங்க. இவ்வளவு நேரம் பேசுனனே, இதை மட்டும் என்னால சொல்ல முடியலை. 

சொல்லு கோகிலா. கேட்டுட்டுத்தான் இருக்கேன். சரி. சரி. இல்ல, நான் எதுவும் பேசலை. கடையநல்லூர்ல எறங்கி நேரா பாய் ஊட்டுக்கே போறேன். வாசல்லயே நிக்கறேன். நீ வர்ற வரைக்கும் உள்ள போக மாட்டேன். சரி. கல்யாண ஊட்டுக்கும் வர்றேன். சொல்றேன், எல்லாரு முன்னாடியும் சொல்றேன். 

யாருகிட்ட? ம். இங்கதான் நிக்கறாரு. 

அண்ணாச்சி, போனை உங்ககிட்டக் குடுக்கச் சொல்றா. கொட்டகையப் பத்தி அவளே பேசிக்கறாளாம். என்னைக் கொஞ்சம் தள்ளிப் போய் நிக்கச் சொன்னா. 

இந்தாங்க. நான் அந்தக் கெணத்துப் பக்கம் நிக்கறேன்.